பிரேக்கம்மா பிடிக்காத சிகரெட்

டிரைவிங் ஸ்கூல் டீச்சரம்மா, பயிற்சிக் காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து சிகரெட் பிடிக்கிறாராம். அதனால்தான் நுரையீரலில் கட்டியாம். இந்தச் செய்தி தெருத்தெருவாகப் போய்க் களைத்த பிறகுதான் சம்பந்தப்பட்டவரின் காதுக்கு வந்தது. வதந்திக்கு மரியாதை தெரியும். உரியவரைக் கடைசியில்தான் தொந்தரவு செய்யும்.

கொண்டுவந்தவள் புதிதாகக் கார் பழக வந்த வங்கிக்காரப் பெண். சாவியைத் திருகுவதற்கு முன்னால் கைப்பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து நீட்டினாள்.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இது நிக்கோட்டின் சூயிங்கம். எங்க மாமனார் இதை மென்னுதான் சிகரெட்டை விட்டாரு.”

“அவரு விட்டது சந்தோஷம். எனக்கு எதுக்கும்மா?”

அந்தப் பெண் விழித்தாள். டீச்சரம்மா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய நேரம் அவருக்குத் தெரியும்.

ஊர் அவருக்கு வைத்த பெயர் பிரேக்கம்மா. பயிற்சிக் காரில் அவர் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. எத்தனையோ குடும்பங்கள் முழுசாக இருப்பதற்கு அவருடைய வலது கால்தான் காரணம். ஆள் ஒல்லி, குரல் கனம், ஐம்பத்திரண்டு வயது. பள்ளியில் சொல்லித் தராத ஒரு உண்மையை இத்தனை வருஷத்தில் அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார்: ரிவர்ஸ் எடுக்கும்போது மனுஷனால் பொய் சொல்ல முடியாது. கழுத்து ஒரு பக்கம், கை ஒரு பக்கம், உயிர் ஒரு பக்கம். கற்பனைக்கு இடம் ஏது?

ரிவர்ஸ் வந்தது.

“நான் சிகரெட் பிடிக்கிறேன்னு யாரு சொன்னா?”

“தையல்கடை அக்கா, மேடம்! கம்பம் வருது மேடம்!”

“கம்பம் வராது. நீதான் போற. பிரேக்.”

அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பிரேக்கம்மா நேர்மையாக விசாரணையைத் தன்னிடமிருந்தே தொடங்கினார். பிடித்ததுண்டா? உண்டு. பத்தொன்பது வயதில், அண்ணன் ஒளித்து வைத்ததில் ஒன்றை எடுத்து, இரண்டு இழுப்பு. இருமலில் மூக்கு வழியாகக் கண்ணீர் வந்தது. அதோடு சரி. அந்த இரண்டு இழுப்பு முப்பத்து மூன்று வருஷம் பொறுமையாகக் காத்திருந்து கட்டியாகியிருக்கும் என்று அவரால் நம்ப முடியவில்லை.

சில வாரங்களுக்கு முன்பு, விடாத இருமலுக்குக் காரின் ஏசிதான் காரணம் என்றுதான் முதலில் நினைத்தார். ஸ்கேன் வேறு சொன்னது: நுரையீரலில் கட்டி. கணவரையும் கூட்டிக்கொண்டு நெஞ்சு டாக்டரிடம் போனார். கணவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்துக் குறிக்கிறவர். டாக்டர் சின்னப் பெண். பேனாவை மூடாமல், வானிலை கேட்பது போலக் கேட்டார்.

“பெரியவளானது எந்த வயசுலம்மா?”

மீட்டர்காரர் நாற்காலியில் நெளிந்தார்.

“பீரியட்ஸ் எப்ப நின்னது? அதுக்கப்புறம் ஹார்மோன் மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா?”

“மேடம், நாங்க நெஞ்சு டாக்டரைத்தான் பாக்க வந்தோம்” என்றார் மீட்டர்காரர், தவறான கதவைத் தட்டிவிட்டவரின் பணிவோடு.

“நான்தான் சார் அது.”

பிரேக்கம்மா மறைக்கவில்லை. நாலு வருஷமாக ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறார். திடீர் திடீரென உடம்பு கொதித்து, ஸ்டீயரிங்கில் கை வழுக்கியது. கற்றுக்கொள்கிறவன் பயப்படலாம், கற்றுக்கொடுக்கிறவள் வேர்க்கலாமா?

“இனிமே வேண்டாம், நிறுத்திடுங்க” என்றார் டாக்டர். “புகையே தொடாத பொம்பளைங்களுக்கும் இது வருதும்மா. அதுல ஹார்மோனுக்கும் ஒரு பங்கு இருக்கலாம்னு ஆராய்ச்சி பண்றாங்க. ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டிக்க நுரையீரல் செல்லுலயும் இடம் இருக்கு. ஒட்டிக்கிட்டா சில செல்லு வேகமா பெருகும். ஆம்பளைங்க நுரையீரல்லயும் அந்த இடம் உண்டு. ஆனா உங்களுக்கு அதனாலதான் வந்துச்சுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. பக்கத்துல இருக்கறவங்க புகையாலயும் வரும், அது சந்தேகமில்லாமத் தெரியும். ரெண்டும் ஒன்னுக்கொன்னு ஒத்தாசை பண்ணுதோன்னும் ஒரு சந்தேகம் இருக்கு. வீட்ல யாராவது பிடிக்கிறாங்களா?”

மீட்டர்காரர் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தை ஆழ்ந்து படித்துக்கொண்டிருந்தார்.

“இவருதான்” என்றார் பிரேக்கம்மா. “குளியலறையில. அங்க இருக்கற எக்ஸாஸ்ட் காத்தாடி புகை எல்லாத்தையும் வெளிய தள்ளிடுமாம்.”

“ஆபரேஷன்ல நுரையீரல்ல ஒரு பகுதியை எடுக்கப்போறோம். மிச்சம் இருக்கறதை வச்சுதான் அம்மா மூச்சு விடணும். அந்த வீட்ல இனிமே புகை கூடாது சார். காத்தாடி இருந்தாலும்.”

வெளியே வந்ததும் மீட்டர்காரரின் முகத்தில் விடுதலையானவரின் களை.

“கேட்டியா? ஹார்மோனாம்.”

“உங்க புகையையும்தான் சொன்னாங்க.”

“அது பொதுவா எல்லாருக்கும் சொல்றது.”

குளியலறைக் காத்தாடி அன்று சாயங்காலமும் சுற்றியது. மறுநாளும் சுற்றியது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. கட்டியை டாக்டர் எடுத்துவிடுவார். இந்தக் காத்தாடியை யார் எடுப்பது என்பதுதான் பிரேக்கம்மாவின் கவலை. இந்த நேரத்தில்தான் வதந்தி வந்து சேர்ந்தது.

பிரேக்கம்மா நேரே போய்க் கேட்டபோது, தையல்கடை அக்கா ஊசியை வாயில் கவ்வியபடியே சொன்னாள்: “மருந்துக்கடைக்காரர் சொன்னாருங்க. நான் நம்பல. நாலு பேர்கிட்ட கேட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான்.”

மருந்துக்கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்தே விட்டார். “என்னம்மா இது, உங்க வீட்டுக்காரர்தானே சொன்னாரு! இதோ இங்க நின்னு, கண்ணு கலங்கி. நான்தான் தண்ணி குடுத்தேன்.”

மறுநாள் விடியற்காலையில் பிரேக்கம்மா கணவரைக் கிடங்குக்குப் பின்னாலுள்ள காலி மைதானத்துக்குக் கூட்டிப்போனார். சாவியை அவர் கையில் வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வழி மட்டும் சொல்லி வந்தவர் அவர்.

“நான் ஆஸ்பத்திரியில கிடக்கும்போது வண்டியை யாரு எடுப்பா? உக்காருங்க.”

உட்கார்ந்தார். பத்து நிமிடம் முன்னே போனார்கள். பெருமை வந்துவிட்டது, ஜன்னலில் முழங்கையை வைத்தார்.

“இப்ப ரிவர்ஸ்.”

கார் பின்னால் நகர்ந்தது. மீட்டர்காரரின் கழுத்து திரும்பியது. கண் பிதுங்கியது.

“நான் சிகரெட் பிடிக்கிறேன்னு ஏங்க சொன்னீங்க?”

“சுவர்! சுவர் வருது!”

“தூரத்துல இருக்கு. சொல்லுங்க.”

“எல்லாரும் என்னையே பாத்தாங்கம்மா! கடைக்காரன், ஆபீஸ்ல இருக்கறவன், எல்லாரும். உன்னாலதானே அந்தப் பொம்பளைக்குன்னு வாய்ல சொல்லல, பார்வையில சொன்னாங்க. உங்க அண்ணன் போன்லயே கேட்டுட்டாரு!”

“அண்ணன்கிட்டயும் சொன்னீங்களா?”

“அவர்கிட்டதான் முதல்ல சொன்னேன்!”

“டாக்டர் ஹார்மோன்னு ஒரு காரணம் சொன்னாங்களே, அதைச் சொல்லியிருக்கலாமே.”

“மச்சான்கிட்ட போய் எப்படிம்மா அந்த வார்த்தையைச் சொல்றது? உன் பீரியட்ஸு, மாத்திரை, அதெல்லாம்… அசிங்கமா இருக்காதா?”

பிரேக்கம்மா பிரேக்கை மிதித்தார். சுவருக்கும் காருக்கும் நடுவில் ஒரு பூனை புகும் இடம் இருந்தது.

“ஹார்மோன்னு சொன்னா அசிங்கம். பொண்டாட்டி திருட்டு சிகரெட் பிடிச்சான்னு சொன்னா கௌரவம். அப்படித்தானே?”

மீட்டர்காரர் ஸ்டீயரிங்கின் மேல் தலையைச் சாய்த்தார். ஹாரன் அலறியது. அழக்கூட அமைதியான இடம் கிடைக்காத மனுஷன்.

“என்னாலதானா?” என்றார் தலையைத் தூக்கி.

“தெரியாதுங்க. டாக்டருக்கே தெரியல. உங்க புகையா இருக்கலாம், என் ஹார்மோனா இருக்கலாம், ரெண்டும் கூட்டு வியாபாரம் பண்ணியிருக்கலாம். அதுக்கு நான் உங்களைத் தூக்குல போடல. திரும்பி வரும்போது எனக்கு நுரையீரல் கம்மியா இருக்கும். வீட்ல புகை இருந்தா நான் அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். பொய் சொன்ன ஒவ்வொருத்தர்கிட்டயும் நீங்களே போய் உண்மையைச் சொல்லணும். ரெண்டு காரணத்தையும். வார்த்தையை முழுங்காம.”

மீட்டர்காரர் பாக்கெட்டிலிருந்த சிகரெட் பெட்டியை எடுத்து மைதானத்தின் குப்பைத்தொட்டியில் போட்டார். அரை மனதாகத்தான் போட்டார். பெட்டி போனது மட்டும் முழுசாக.

மருந்துக்கடையில் அவர் சொன்னது தெருவுக்கே கேட்டது. ‘ஈஸ்ட்ரோஜன்’ என்று அவர் உச்சரித்தபோது இருமல் மருந்து வாங்க வந்த பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். தையல்கடையில் தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தார். அந்த அக்கா தான் சாப்பிடும் ஹார்மோன் மாத்திரை பற்றிக் கால் மணி நேரம் சந்தேகம் கேட்டுவிட்டுத்தான் விட்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பிரேக்கம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். மாடி ஏறினால் பாதியில் நிற்கிறார், நின்ற இடத்திலிருந்து யாரையாவது திட்டுகிறார். குளியலறைக் காத்தாடியின் ஸ்விட்சில் ஒட்டுப்பட்டை. மீட்டர்காரர் நகம் கடிக்கிறார், எரிந்து விழுகிறார், ஆனால் சிகரெட் பிடிப்பதில்லை.

பாக்கி மச்சான் ஒருவர்தான். தினமும் காலையில் மீட்டர்காரர் போனை எடுத்து எண்ணை அழுத்துகிறார். மனைவி எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“மச்சான், நல்லா இருக்கீங்களா? அங்க மழை உண்டா? …ஓஹோ. …அது வந்து மச்சான், உங்க தங்கச்சிக்கு… ஹா… ஹா…”

“என்ன மாப்ள, சிரிக்கிறீங்க?” என்று கேட்கிறது அந்தப் பக்கம்.

“ஒன்னுமில்ல மச்சான். நாளைக்குப் பேசறேன்.”