ஃப்ளெக்ஸில் ஏறிய மரூன் தொப்பி

போன வருஷம் பட்டாளத்திலிருந்து லீவில் வந்து சதுரங்கப்பட்டினத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால், எதிரே என் மூஞ்சி. பத்தடி ஃப்ளெக்ஸ். தலையில் மரூன் தொப்பி, அதில் விரிந்த பாராசூட், இரண்டு பக்கமும் இறக்கை, நடுவில் குத்துவாள். வலது மார்பில் இன்னொரு ஜோடி இறக்கை. தோளில் மூன்று நட்சத்திரம் வேறு. எவனோ ஒரு கேப்டனின் கழுத்துக்கு மேல் என் தலையை ஒட்டியிருந்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விமானத்திலிருந்து குதித்துச் சண்டை போடுகிற காலாட்படையின் தொப்பி அது. கடையில் வாங்கி மாட்டுகிற சமாச்சாரம் இல்லை. விரும்பிப் போகிறவனை மாதக்கணக்கில் பிழிந்தெடுப்பார்கள். தாங்கினவனுக்குத்தான் மரூன். மற்றவனைப் பழைய ரெஜிமென்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். என்னை அனுப்பிவிட்டார்கள். மூட்டையோடு ஓடும்போது முழங்கால் மடங்கிவிட்டது. மரூன் தொப்பிக்குப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லியிருந்ததால், வீட்டில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கூட்டாளி ஓடி வந்து கட்டிக்கொண்டான். "எப்டிகீது மச்சான்? திருக்கழுக்குன்றத்துல குட்த்து போட்டோம். நெட்ல கெத்தா ஒரு போட்டோ கெடச்சுது."

"எவன் உன்ன போடச் சொன்னான்? கயட்டுடா."

"ஏன் பேஜார் பண்ற? கண்ணீர் அஞ்சலிய வுட்டா நம்ம தெரு ஆளு படம் இந்த ரோட்டுல என்னிக்கி நின்னுகீது?"

அது உண்மை. உண்மை என்பதால்தான் இன்னும் எரிந்தது. அந்த இறக்கைக்காகக் குதித்து இடுப்பு ஒடிந்தவனை எனக்குத் தெரியும். அப்படி ஒருத்தன் மாமல்லபுரம் சுற்றிப்பார்க்க வந்து, இந்த வழியாகப் போனால் காறித் துப்பமாட்டானா? ஜூஸ் கடையில் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு மூங்கில் சாரத்தில் ஏறினேன். கூட்டாளி என் காலைப் பிடித்து இழுத்தான்.

அந்த நேரம் பார்த்து நைனா வந்தார். என் அப்பா, பெயின்டர். படூரில் அபார்ட்மென்ட் வேலை முடித்து, டப்பாக்களோடு மொபெட்டில் வந்தவர், வண்டியை நிறுத்தினார்.

"இன்னாடா பண்ற?"

"நான் பாஸ் ஆவல நைனா. திருப்பி அனுப்ச்சிட்டாங்க. இது என் தொப்பி இல்ல."

கத்தின கத்தலில் டீக்கடையே திரும்பிப் பார்த்தது. நைனா என்னைப் பார்க்கவில்லை. ஃப்ளெக்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உன் தொப்பி இன்னா கலரு?"

"கரும்பச்சை."

"தோள்ல கீற ஸ்டாரு?"

"அதுவும் நம்புளுது இல்ல."

"சரி, எறங்கு. நீ அறுத்து வச்சன்னா அசிங்கமா பூடும்."

கூட்டம் பார்க்கப் பார்க்க, பச்சை டப்பாவைத் திறந்து, பிரஷ்ஷை வாயில் கவ்விக்கொண்டு சாரத்தில் ஏறினார். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். கீழே நின்று சாரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஆத்திரத்தில்தான்.