அண்ணியின் பல் மலை

என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். நாத்தனார் என்று வெளியில் சொன்னால் போதும், கேட்பவர்கள் என்னை இரக்கத்தோடு பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்த இரக்கத்துக்கு இங்கே வேலையில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து எங்களுக்குள் ஒரு சண்டை வந்ததில்லை. சண்டை போட இரண்டு வாய் வேண்டுமே. அண்ணியைப் பேச வைப்பதற்குள் நமக்கு வாய் வலித்துவிடும்.

இத்தனைக்கும் அவருக்கு வாயை வைத்துத்தான் பிழைப்பு. பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலை. பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அது ஒரு பிளாஸ்டிக் பையில் வந்து சேரும். அண்ணி அதில் கல்மாவைக் குழைத்து ஊற்றுவார். இறுகியதும் மஞ்சள் கல்லில் ஒரு வாய் வெளியே வரும். அந்தக் கல் வாய்க்குப் பொருந்துகிற மாதிரி பீங்கானில் பல் செய்து, நிறம் சேர்த்து, சூளையில் சுட்டு அனுப்பிவிடுவார். பல்லுக்குச் சொந்தக்காரரை ஒருநாளும் பார்த்ததில்லை. ஊரில் பாதிப் பேர் அண்ணி செய்த பல்லைக் காட்டிச் சிரிக்கிறார்கள். அண்ணியைப் பார்த்துச் சிரிக்கத்தான் ஆளில்லை.

"பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. ஊருக்கெல்லாம் பல்லு கட்டறீங்களே, நீங்க ரெண்டு சொல்லு பேசினா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். பல் தெரியாமல் சிரித்தார். அவ்வளவுதான் பதில்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாமியாரோடு பழைய குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருந்தார். மாமியாருக்குச் சர்க்கரை முதலில் காலைக் கேட்டது, பிறகு கண்ணை எடுத்துக்கொண்டது. கடைசி சில வருடங்கள் அந்த வீட்டுக்குள் மாமியார் நடந்ததெல்லாம் அண்ணியின் இடது தோளைப் பிடித்துக்கொண்டுதான். முன்னால் இவர் சின்னச் சின்ன அடியாக வைப்பார், பின்னால் அவர் வருவார். "நிலைப்படி. காலத் தூக்குங்க. இப்ப சமதரை." இதுதான் அந்த வீட்டில் அதிகம் கேட்ட பேச்சு. அண்ணியின் சட்டைகள் எல்லாம் இடது தோள் பக்கம்தான் முதலில் நைந்துபோகும்.

இன்னொரு பேச்சும் உண்டு. ஜன்னலுக்கு எதிரே மஞ்சள் பூ பூக்கும் பெரிய மரம் ஒன்று இருந்தது. மாமியாருக்கு அந்த மரம் என்றால் உயிர். கண் போன பிறகு மரத்தை வெட்டி, அங்கே நாலு மாடி எழுப்பிவிட்டார்கள். அண்ணியோ தினமும் ஜன்னலோரம் நின்று, "இன்னிக்கு மேல் கிளைல பூத்திருக்கும்மா. கீழ பூரா கொட்டிக் கிடக்கு" என்று சொல்லிக்கொண்டிருப்பார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சமையலறைக்கு இழுத்துப் போய், "ஏன் அண்ணி, இப்படி முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கறீங்க?" என்றேன்.

"அம்மாவுக்கு மரம்தான் வேணும். கட்டடத்த வெச்சிட்டு அவங்க என்ன பண்ணுவாங்க?" என்றார்.

மாமியார் அந்த மரம் பூத்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்போடுதான் கண்ணை மூடினார்.

பிறகு நாங்கள் எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்தோம். எங்களோடு வந்து இருங்கள் என்று என் கணவர் கெஞ்சினார், கோபித்துக்கொண்டார், தம்பிக்கு உரிய எல்லா வித்தையும் காட்டினார். அண்ணி அசையவில்லை. ஒருநாள் போனபோது மாமியாரின் கட்டில் இருந்த இடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி நின்றது. இரண்டு ஆள் சேர்ந்து தூக்கினாலும் தூக்க முடியாத தொட்டி.

"மீன் வளக்கப் போறீங்களா?"

"கடல் மீன். பவளம் எல்லாம் வைக்கணும்."

கடல் மீன் வளர்ப்பது தங்கமீன் வளர்ப்பது மாதிரி இல்லை என்று அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. உப்பு அளந்து கலக்க வேண்டும், சூடு மாறக் கூடாது, வாராவாரம் கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குக்கூட இவ்வளவு பத்தியம் கிடையாது. உள்ளே பாறை வேண்டும். அதற்கென்று கடையில் கடல் பாறை விற்கிறார்கள். அண்ணி அதை வாங்கவில்லை. "மனுஷன் வாய்க்குள்ள வைக்கறதையே செய்யறேன். மீனுக்கு ஒரு மலை செய்ய மாட்டேனா?" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பெருமைப் பேச்சு வந்ததே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கூடத்திலிருந்து அந்த மஞ்சள் கல்மாவைக் கொண்டுவந்து ஒரு மலை செய்தார். குகை, படிக்கட்டு, ஒரு சின்னப் பாலம். அளவு தப்பியதால் திருப்பி அனுப்பப்பட்ட பீங்கான் பற்கள் அவரிடம் ஒரு டப்பா நிறைய இருந்தன. அவற்றை மலை முழுக்கப் பதித்தார். அவற்றின் மேல் பொத்தான் அளவு பவளத் துண்டுகளைப் பசை வைத்து ஒட்டினார். என் மகன் பார்த்துவிட்டு, "அத்தை, மலை நம்மளப் பாத்து இளிக்குது" என்றான். உண்மைதான். நீல விளக்கைப் போட்டால் கடைவாய்ப்பல் ஒவ்வொன்றின் மேலும் பச்சையும் ஆரஞ்சுமாகப் பூ விரிந்து நின்றது. கிண்டல் செய்யத்தான் போனேன், வாய் வரவில்லை. அவ்வளவு அழகு.

"இது தண்ணில ஊறிப் போகாதா அண்ணி?" என்று மட்டும் கேட்டேன்.

அதற்கு அவரிடம் தொழில் பதில் இருந்தது. கல் வாயை வெறும் தண்ணீரில் போட்டால் மேல்பரப்பு கரையும்; அளவு கெட்டுவிடும். அதனால் கூடத்தில் ஒரு வாளித் தண்ணீரில் முதலிலேயே மாவைக் கரைத்து வைத்திருப்பார்களாம். அதில் எவ்வளவு நேரம் ஊறினாலும் கல்லுக்கு ஒன்றும் ஆகாது. "தண்ணிக்கு வயிறு நிறைஞ்சிட்டா அப்புறம் அது கல்லத் தின்னாது. இந்தத் தொட்டித் தண்ணியும் கொஞ்சம் தின்னுட்டு நிறுத்திக்கும்" என்றார். முப்பது வருட அனுபவம் சொல்கிறது. நான் யார் மறுக்க?

ஒரு மாதத்துக்கு மேல் தொட்டியை மீனில்லாமல் ஓட்டினார். தண்ணீர் பழக வேண்டுமாம். பிறகு மீன்கடைக்காரரிடமிருந்து ஒரு ஜோடி வந்தது. ஜோடி என்றால் ஒரே இனம் இல்லை. ஒன்று விரல் நீளத்தில் கோடு போட்ட மீன், மற்றது ஒரு இறால். இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. ஆனால் நாள் முழுக்க மண்ணைத் தோண்டி வளை கட்டும். மீனுக்குத் தோண்டத் தெரியாது, கண் மட்டும் கூர்மை. அது வளை வாசலில் காவல் நிற்கும். இறால் வெளியே வரும்போதெல்லாம் தன் மீசையை மீனின் வால் மேல் வைத்துக்கொண்டே வரும். ஆபத்து என்றால் மீன் வாலை உதறும். இரண்டும் உள்ளே ஓடிவிடும். அந்த இறால் கொடுக்கால் சொடக்குப் போடுமாம். அந்தச் சத்தம் கண்ணாடிக்கு வெளியிலும் கேட்டது. கடைக்காரர் அதைச் சொடக்கு இறால் என்றார்.

அண்ணி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். நானும் பார்த்தேன். மீசையை வைத்தபடி அந்தக் குருட்டு இறால் நகர்ந்ததைப் பார்த்ததும் என் கண் அண்ணியின் இடது தோளுக்குப் போனது. அண்ணி ஏன் ஊரிலிருக்கும் வண்ண மீன்களை எல்லாம் விட்டுவிட்டு இதை வாங்கினார் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

அதன் பிறகு அண்ணி கொஞ்சம் பேச ஆரம்பித்தார். தினமும் போன் செய்வார். "இன்னிக்குப் புது வாசல் வெச்சிருக்கு." "இன்னிக்கு மூணு தடவ சொடக்குப் போட்டுச்சு." என் கணவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "எங்க அக்கா என்கிட்ட இவ்வளவு பேசினதே இல்ல" என்று கண் கலங்குவார். உடனே, "அதுவும் இறாலப் பத்தி" என்று சிரிப்பார்.

கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்பது சும்மா சொன்ன வார்த்தை இல்லை. முதலில் மலையின் முனைகள் மழுங்கின. பிறகு ஒவ்வொன்றாகப் பல் விழுந்தது. "மலைக்கு வயசாகுது" என்று நான் ஜோக் அடித்தேன். அண்ணி பசை வைத்துத் திரும்ப ஒட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது. குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"மலை விழுந்துடுச்சும்மா. இறால் அடியில மாட்டிக்கிச்சு."

நான் போய்ச் சேர்ந்தபோது தொட்டி பால் மாதிரி வெளுத்திருந்தது. அண்ணி தோள் வரை கையை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். மீன் ஒரு வாளியில் இருந்தது. மேலே கல் மெலிந்துகொண்டு வர, கீழே இறால் மண்ணைத் தோண்டிக்கொண்டு வர, நடுவில் மலை என்ன செய்யும்? துண்டு துண்டாக எடுத்து வெளியே வைத்தோம். வளை மண்ணோடு மண்ணாக மூடிப் போயிருந்தது. இறால் உயிரோடும் கிடைக்கவில்லை, செத்தும் கிடைக்கவில்லை.

"தண்ணிக்கு வயிறு நிறையவே இல்ல" என்றார் அண்ணி, ஈரக் கையோடு தரையில் உட்கார்ந்து. "நான்தான் வாராவாரம் புதுத் தண்ணி ஊத்திக்கிட்டே இருந்தேனே. கூடத்து வாளித் தண்ணிய யாரு மாத்துறா? அது எனக்குத் தோணவே இல்ல பாரு. பசியோட இருக்கிற தண்ணிய நானே கொண்டுவந்து ஊத்தியிருக்கேன்."

நான் ஒரு துவாலையை எடுத்து அவர் கையைத் துடைத்துவிட்டேன். தொட்டியின் மோட்டார் சத்தம்தான் கேட்டது, சொடக்குச் சத்தம் இல்லை.

அடுத்த வாரமே வேறு மலை எழுந்தது. சூளையில் பற்களை அடுக்கிச் சுடும் பீங்கான் தட்டுகள், விரிசல் விட்டதால் ஒதுக்கியவை, அவற்றைச் சாய்த்து அடுக்கினார். பழைய பற்களையே மேலே வைத்தார். "நெருப்புல வெந்தது தண்ணில கரையாது" என்றார். பவளங்கள் பிழைத்துக்கொண்டன. மீனும் பிழைத்து, ஒரு தட்டுக்கு அடியில் இடம் பிடித்துக்கொண்டது. மீன்கடைக்காரர், சில சமயம் இறால் மண்ணுக்குள்ளேயே வாரக்கணக்கில் கிடக்கும், பொறுத்துப் பாருங்கள் என்றார். இல்லையென்றால் வேறு ஒன்று தருவதாகவும் சொன்னார். அண்ணி சம்மதிக்கவில்லை.

"அது உள்ள இருந்தா? இன்னொண்ணு வந்து நிக்கறதப் பாத்தா என்ன நினைக்கும்?"

கண் தெரியாத இறால் எதைப் பார்க்கும் என்று நாக்கு நுனி வரை வந்தது. நல்லவேளை, விழுங்கிவிட்டேன். தினமும் வந்த போன் நின்றுபோனது. நானாகக் கூப்பிட்டுக் கேட்டால், "இன்னும் வரல" என்பார், வைத்துவிடுவார்.

இந்தச் சமயத்தில்தான் எனக்குக் கண் பரிசோதனை. கணவர் வெளியூரில் இருந்ததால் அண்ணியே கூட வந்தார். சொட்டு மருந்து விட்டு, சாயங்காலம் வரை மங்கலாகத்தான் இருக்கும் என்று அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்தால் வெயில் கண்ணுக்குள் ஊசியாகக் குத்தியது. தெரு முழுக்க வெள்ளையாகக் கலங்கிக் கிடந்தது. என் வீடு தூரம். "நம்ம வீட்டுக்கே போலாம்" என்ற அண்ணி, என் கையை எடுத்துத் தன் இடது தோளில் வைத்துக்கொண்டார்.

அவ்வளவுதான், நடை மாறிவிட்டது. சின்னச் சின்ன அடி. "பள்ளம் இருக்கு. ஒதுங்கி வா." மாடிப்படியில், "இன்னும் ரெண்டு. இன்னும் ஒண்ணு. இப்ப சமதரை." எனக்கு அவ்வளவு மோசமாக ஒன்றும் இல்லை, தட்டுத் தடுமாறி நானே ஏறியிருப்பேன். ஆனாலும் கையை எடுக்கவில்லை. அந்தத் தோள் அப்படி ஒரு பழக்கத்தோடு என் கையைத் தாங்கியது.

தொட்டிக்கு எதிரே நாற்காலியில் என்னை உட்கார வைத்தார். எனக்கு ஒரு நீல வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது.

"வந்துடுச்சாண்ணி?" என்றேன்.

அந்த வெளிச்சத்துக்குக் குறுக்கே அண்ணியின் நிழல் குனிந்தது. பிறகு, "வந்துடுச்சும்மா. காலைல பாத்தேன். இப்பக்கூட வெளியதான் இருக்கு" என்றார்.

"ஐயோ, ஏன் சொல்லவே இல்ல?"

"நேர்ல காட்டலாம்னு இருந்தேன். மீசைய வால் மேல வெச்சிருக்கு. ஒரு கல்ல உருட்டிக்கிட்டு வருது பாரு. முன்னவிட கொஞ்சம் பெரிசாயிருக்கு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில். அண்ணி டீ போட்டுக்கொண்டு வந்தார், பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார், மறுபடி சொல்ல ஆரம்பித்தார். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் பேசியதை எல்லாம் கூட்டினாலும் அந்த மத்தியானத்துப் பேச்சுக்கு ஈடாகாது. சொடக்குச் சத்தம் மட்டும் எனக்குக் கேட்கவில்லை. களைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெயில் இறங்க இறங்க என் கண் தெளிந்தது. முதலில் தட்டுகளின் விளிம்பு, பிறகு பற்கள், பிறகு மீன். தட்டுக்கு அடியில் மீன் மட்டும் வாசலைப் பார்த்து நின்றது. அதன் வாலுக்குப் பின்னால் யாரும் இல்லை. வளைகூட இல்லை, மண் தட்டையாகக் கிடந்தது. மீன் நடுநடுவே வாலை மெல்லப் பின்னால் தள்ளியது, கொஞ்சம் காத்திருந்தது, மறுபடி தள்ளியது.

"இப்ப உள்ள போயிட்டு, வாயில மண்ணோட வெளிய வருது" என்று அண்ணி சொல்லிக்கொண்டிருந்தார். அவர் தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்; என்னைப் பார்க்கவில்லை. பிறகு திரும்பி, "கண்ணு தெளிஞ்சுதாம்மா?" என்று கேட்டார்.

நான் அவருடைய இடது தோளில் கையை வைத்தேன்.

"இல்லண்ணி. இன்னும் மங்கலாத்தான் இருக்கு. நீங்களே சொல்லுங்க."