கையில் வளையல் வேண்டுமாம்

அந்தப் படத்தைப் பற்றி நல்லபடியாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் என்னால் ஆகாது. எழுபது வருடத்துக்கு முந்தைய ஒரு சர்க்கஸ் கூடாரம், ஊஞ்சலில் பறக்கும் ஒருத்தி, எதிர் ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்கி அவளைப் பிடிக்கும் ஒருவன், இருவருக்கும் காதல். கதை அவ்வளவுதான். ராசிபுரம் பக்கம் காய்ந்த ஏரிக்குள் செட் போட்டார்கள். நான் பத்து வருடம் சர்க்கஸில் பறந்தவள், கல்யாணமாகி இங்கே தையல் கடை வைத்திருப்பவள். யாரிடமோ விசாரித்துக்கொண்டு வந்து, சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்கள். "மாஸ்டர், மாஸ்டர்" என்றார்கள். 'சர்க்கஸ்காரி' என்று இருபது வருடமாக ஜாடை பேசியதையே கேட்ட காதுக்கு அது இனித்தது. பொய் சொல்வானேன்.

கதாநாயகிக்குப் பதிலாகத் தாவ ஒரு பெண்ணைப் பிடித்திருந்தார்கள். திருச்செங்கோட்டுக்காரி, கல்லூரியில் ஜிம்னாஸ்டிக்ஸ் மெடல் வாங்கியவள். போலீஸ் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டு உடல்தகுதித் தேர்வுக்குக் காத்திருந்தாள். "குண்டு எறியறது ஒண்ணுதானுங்க்கா இன்னும் கொஞ்சம் பழகோணும், மத்ததெல்லாம் தண்ணி பட்ட பாடு" என்பாள். அந்த வேலை கிடைத்துவிடும் என்று வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

நான் அவளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே பிடிதான். விரலைப் பிடிக்கக் கூடாது. எதிர் ஊஞ்சலில் தொங்குகிறவன் உன் மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும், நீ அவன் மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். உள்ளங்கை வேர்க்கும், வழுக்கிவிடும். மணிக்கட்டு அப்படி ஏமாற்றாது. இருபது நாள் பழகினாள், ஒருமுறைகூடத் தவறவில்லை.

ஷூட்டிங் அன்று காலை பார்த்தால், இரண்டு கையிலும் கொத்துக் கொத்தாகக் கண்ணாடி வளையல்.

"இதையெல்லாம் கழட்டணும் சார். மணிக்கட்டைப் பிடிச்சா வளையல் உடைஞ்சு நரம்புல ஏறிடும்" என்றேன்.

"அது கதைல ஹீரோ வாங்கித் தந்த வளையல் மாஸ்டர், பாட்டே அந்தச் சத்தத்துலதான் வருது" என்றார் டைரக்டர். "கழட்டிட்டா, வெறுங்கையைப் பார்த்து ஜனங்க அவன் செத்துட்டான்னு நினைச்சுக்குவாங்க."

பத்து வருடம் நான் வெறுங்கையோடுதான் பறந்தேன். எவனும் சாகவில்லை. அதைக் கத்தியே சொன்னேன். பிளாஸ்டிக் வளையலாவது போடுங்கள் என்றேன், குளோசப்பில் தெரிந்துவிடும் என்றார்கள். கடைசியில் அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மணிக்கட்டு வேண்டாமாம், விரலோடு விரல் கோத்துக்கொள்ளட்டுமாம்.

"அதுதான் மாஸ்டர் காதல். நீங்க சொல்ற பிடி, திருடனைப் போலீஸ் பிடிக்கிற மாதிரி இருக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழே வலை இருக்கிறதே, என்ன பயம் என்று என்னையே கேட்டார்கள். வலையில் விழவும் ஒரு முறை உண்டு, முதுகு கொடுத்து விழ வேண்டும். அவள் தாவினாள். விரல் நழுவிய வேகத்தில் அவளுக்குத் திரும்ப நேரமில்லை. வலது கை மடங்கி உடம்புக்கு அடியில் போய்விட்டது.

சேலம் ஆஸ்பத்திரியில் முழங்கைக்குள் பிளேட் வைத்தார்கள். கம்பெனி மேனேஜர் ஆப்பிள் பையோடு வந்து, சின்ன அடிதான் என்று சொல்லிவிட்டுப் போனார். தேர்வு நாளன்று அவள் கை கட்டுப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

அதன்பிறகு கடைக்கு ஜாக்கெட் தைக்க வந்தவர்களிடம், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம், அகப்பட்டவர்களிடமெல்லாம் அந்த டைரக்டரைத் திட்டித் தீர்த்தேன். படம் வந்ததும், வரமாட்டேன் என்றவளை வற்புறுத்தி சேலத்துக்கு வரவழைத்தேன். தியேட்டரில் உட்கார்ந்தால், அவள் விழுந்ததை அப்படியே வைத்திருக்கிறார்கள் பாவிகள்! வளையல் குலுங்குகிறது, விரல் நழுவுகிறது, அவள் விழுகிறாள். உடனே கதாநாயகன் மேலிருந்து குதித்து வலையில் அவளை அள்ளி எடுக்கிறான். ஒரே விசில். பக்கத்து சீட்டு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அது நடிப்பு இல்லீங்க, நெசமாவே கை ஒடைஞ்சிருச்சுங்க" என்றேன்.

"அய்யோ, ஹீரோயினுக்குங்களா?" என்று அந்த அம்மாள் பதறினாள்.

"ஹீரோயினுக்கு என்ன கேடு? இவளுக்குங்க" என்று அவள் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினேன். அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டு வரை நான் ஓயவில்லை. நாசமாய்ப் போகிறவன், மனுஷனா அவன் என்று வாய் வலிக்கத் திட்டிக்கொண்டே நடந்தேன். அவள் இரண்டடி முன்னாலேயே நடந்தாள். திருச்செங்கோடு பஸ் கிளம்புவதற்குத் தயாராக நின்றது. படியருகே போனவள் திரும்பினாள்.

"அவரத் திட்டுனது போதுமுங்க்கா. அவரு சொன்னாருன்னு நான் தாவுல. மேல நின்னுக்கிட்டு ஒங்களத்தான் பாத்தேன். நீங்க தலையாட்டுனீங்க."

ஆட்டினேன். மாஸ்டர் என்று கூப்பிட்ட வாயாலேயே வீட்டுக்குப் போ என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து ஆட்டினேன். அத்தனை பேரிடம் கதை சொன்னவள், இதை மட்டும் ஒருவரிடமும் சொன்னதில்லை. கண்டக்டர் விசில் கொடுத்தார். அவள் இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டாள்.