பொத்துவில் ஐஸும் மிதப்புத் தொப்பியும்

1982 ஆகஸ்ட் 14, சனிக்கிழமை. சுபஹுத் தொழுகை முடிந்ததும் சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். ஒரு பிளேன்டீயும் இரண்டு துண்டுப் பாணும் எடுத்தேன். சனிக்கிழமைகளில் வழக்கமாகச் செய்வதுபோல் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன். பிறகு பயணப் பையைச் சரிபார்த்தேன்: உடுக்க மருதமுனை நெசவுச் சாரம் ஒன்று, மாற்றுடுப்பு, ஒரு கட்டுப் பஞ்சு, ஒரு போத்தல் டிங்சர். கடைசி இரண்டும், கல்முனையில் மருந்து கலந்து கொடுக்கும் உத்தியோகம் பார்க்கிற என்னோடு எந்த ஊருக்கும் கூட வருபவை.

போகும் இடம் பொத்துவில், நாற்பத்து நான்கு மைல். என் தங்கை ஹபீபா அங்கே வாழ்க்கைப்பட்டவள். அவள் கணவர் சலீம் குவைத்தில், பிள்ளைகள் சறுக்கி விளையாடும் ஐஸ் மைதானம் ஒன்றில் துப்புரவு வேலை செய்கிறார். லீவு முடிந்து நாளை திரும்பிப் போகிறார். இனி இரண்டு வருடம் கழித்துத்தான் வருவார். அவரைக் கூட்டிவந்து கொழும்பு பஸ் ஏற்றிவிடுவது என் பொறுப்பு.

காலை 6.40க்குப் புறப்பட்ட பஸ்ஸில் டிக்கெட் ஏழு ரூபாய் ஐம்பது சதம். காரைதீவு, நிந்தவூர் வரை நின்றுகொண்டே போனேன். அட்டாளைச்சேனையில் இடம் கிடைத்தது. பக்கத்தில் இருந்த அக்கரைப்பற்றுக்காரர், மடியில் ஒரு மண்வெட்டியோடு, எங்கே போகிறேன், யாரைப் பார்க்க என்று என் வாயைக் கிண்டினார்.

"குவைத்தால வந்தவர் என்ன கொண்டு வந்திரிக்கார்? டிவியா?"

"மகளுக்குச் சப்பாத்து. அடியில கத்தி வச்சது. ஐஸுக்கு மேல ஓடுறதுக்கு."

அவர் யோசித்தார். "பொத்துவில்ல ஏது மச்சான் ஐஸு? கடையில ஐஸ்பழம் இரிக்கி. அதுக்கு மேல எறும்புதான் ஓடும்."

அக்கரைப்பற்றில் அவர் இறங்கும்வரை பஸ்ஸின் பின்பாதி முழுவதும் அந்தச் சப்பாத்தைப் பற்றித்தான் பேசியது. திருக்கோவிலில் கடற்காற்று உள்ளே வந்தது. கோமாரிக்கு அப்பால் ரோட்டில் யானை விட்டை புதிதாகக் கிடந்தது. சாரதி அதைச் சுற்றி மெதுவாக ஓட்டினார். 9.35க்குப் பொத்துவில்.

வாசலிலேயே ஹபீபாவின் மகள், ஒன்பது வயது ரிஸானா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, பின்னேரம் ஐஸ் வருது! வாப்பா போறதுக்குள்ள நான் ஓடிக் காட்டப் போறேன். உம்மா மட்டும்தான் ஓமெண்டு சொல்லல்ல."

விசயம் இதுதான். மூன்று நாளாக மீன்பாடு குறைவு. ஐஸ் பெக்டரியில் கட்டிகள் தேங்கிக் கிடந்தன. அதன் முதலாளி சலீமின் பால்ய சிநேகிதர். பின்னேரம் முப்பது கட்டிகளைத் தரையில் அடுக்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் பொழுதுபட்டு மஃரிப் தொழுகை வருவதற்கு முன் அவ்வளவையும் உடைத்து, இரவு கடலுக்குப் போகும் தோணிகளுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

பகல் சாப்பாட்டில் வழக்குத் தொடங்கியது.

"அங்க ஒரு புள்ளையும் தலைக்கி ஒண்டும் போடுறல்ல," என்றார் சலீம். "விழும், எழும்பும், சிரிக்கும். நான் ரெண்டு வருஷமாப் பாக்கிறன்."

"நீங்க பாக்கிற. விழுற அதுகள்," என்றாள் ஹபீபா. "தலைக்கி ஒண்டு இல்லாம என்ட புள்ள ஐஸில கால் வைக்கிறல்ல. காக்கா, நீங்க சொல்லுங்க கா."

அண்ணனான நான் தங்கை பக்கம் நின்றேன். முழங்கால் உரிந்தால் டிங்சர் போடலாம், ஒரு கிழமையில் புதுத்தோல் வரும். தலை அப்படியில்லை என்றேன். தென்னையிலிருந்து விழுந்தவர்களையும் சைக்கிளிலிருந்து விழுந்தவர்களையும் வாரத்துக்கு வாரம் பார்க்கிறவன் நான். ஐஸ் சீமெந்தைவிட மென்மையானதல்ல. வழுக்கல் மட்டும்தான் கூட.

"நீங்களும் சேந்துட்டீங்களா மச்சான்!" சலீம் தலையில் கை வைத்தார். ரிஸானாவின் கண் நிறைந்துவிட்டது. சோறு அப்படியே இருந்தது.

நாலு மணிக்கு எல்லோருமாகப் போனோம். கட்டி ஒன்று மூன்றடி நீளம், ஓரடி அகலம். மூன்று வரிசையாக, வரிசைக்குப் பத்தாக அடுக்கி, இடுக்குகளில் தூள் ஐஸ் அடைத்திருந்தார்கள். முப்பதடி நீளத்தில் ஒரு வெள்ளைத் தெரு. இரு கரையிலும் உமி மூட்டைகள். வெளியே மணல் காலைச் சுட்டது. உள்ளே மூச்சுப் புகைந்தது.

முதலாளி தன் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைக் கொண்டுவந்தார். ரிஸானா போட்டுத் தலையைத் திருப்பினாள், ஹெல்மெட் திரும்பவில்லை, கண்ணை மறைத்துவிட்டது. உள்ளேயிருந்து, "உம்மா, லைட்டை நூத்திட்டாங்க!" என்று சத்தம் வந்தது. ஒரு பகிடிக்காரர் மீன்சட்டி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். சலீம் மணிக்கூட்டைப் பார்த்தார். நாலே முக்கால். ஐஸ் ஓரங்களில் சொட்டத் தொடங்கியிருந்தது.

ஹபீபா சுற்றிலும் பார்த்தாள். சலீமின் தம்பி காசீம் மூலையில் உட்கார்ந்து வலை முடிந்துகொண்டிருந்தார். அருகில் ஒரு சாக்கு நிறைய மிதப்பு, வலையின் மேல்கயிற்றில் கோக்கும் தக்கை உருண்டைகள்.

"காசீம், அதுல ஒரு இருவது தாங்க."

"வலைக்கி மதினி அது."

"தலைக்கி வேணும். வலையக் கடல் தாங்கும்."

காசீம் சிரித்துக்கொண்டே கயிறும் கொடுத்தார். முதலில் ரிஸானாவின் தலையைத் துவாயால் சுற்றினோம். காசீம் மிதப்புகளைக் கோத்துக் கொடுக்க, ஹபீபா நெற்றியைச் சுற்றி ஒரு வளையமும் உச்சிக்குக் குறுக்கே இரண்டு வரிசையும் கட்டினாள். நான் தாடைக்குக் கீழே காயக்கட்டு முடிச்சுப் போட்டேன். அவள் காலுக்குப் பெரிதாக இருந்த கத்திச் சப்பாத்துக்குள் என் பஞ்சு முழுவதையும் அடைத்தோம்.

"பலாப்பழம் மாதிரி இரிக்கி," என்றார் முதலாளி.

"பலாப்பழம் விழுந்தா நமக்கென்ன," என்றாள் ஹபீபா. "விடுங்க புள்ளைய."

ரிஸானா விழுந்தாள். மறுபடியும் விழுந்தாள். மூன்றாம் தரம் பின்பக்கமாக, தலை அடிக்க விழுந்தாள். மிதப்புகள் ஐஸில் மோதி 'டொக்' என்றன. அவள் படுத்தபடியே மேலே பார்த்து, "நோகவே இல்ல!" என்றாள். ஹபீபா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அதற்குப் பிறகு பயம் போய்விட்டது. விழலாம் என்று தெரிந்த பிள்ளை நன்றாக ஓடுகிறது. இது நான் நேரில் கண்டது. ஐந்தே காலுக்கு அவள் ஒரு கரையிலிருந்து புறப்பட்டு, கைகளை நீரில் துடுப்புப்போல் வீசி, முப்பதடியும் நிற்காமல் வழுக்கி மறுகரைக்கு வந்தாள்.

"வாப்பா! பாத்தீங்களா?"

சலீம் பார்த்தார். பார்த்ததோடு நிற்காமல், ரப்பர்ச் செருப்போடு ஐஸுக்கு மேலே அவளை நோக்கி ஓடினார். இரண்டாவது எட்டில் கால் இரண்டும் மேலே போயின. விழுந்த சத்தம் 'டொக்' இல்லை. பின்மண்டையில் எலுமிச்சங்காய் அளவு வீக்கம். வேறொன்றும் இல்லை, கண்மணியைப் பார்த்தேன், நாளும் கிழமையும் கேட்டேன், சரியாகச் சொன்னார். வீக்கத்துக்கு வைக்க அந்த ஊரில் அன்றைக்கு ஐஸுக்குக் குறைவில்லை.

ஹபீபா ஓடிவந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். "குவைத்தில ஒரு புள்ளையும் போடுறல்ல. பெரியாக்களும் போடுறல்லயா?"

சலீம் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "அங்க தெனமும் நாந்தான், புள்ள, விழுற. ஒனக்குச் சொல்லல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். ஹபீபா சிரிக்கவில்லை, ஐஸ் துண்டை அழுத்திப் பிடித்திருந்தாள். மஃரிபுக்கு முன் வெள்ளைத் தெரு நொறுக்கப்பட்டுத் தோணிகளுக்குப் போனது. கல்முனைப் பள்ளிக்கூட மதிலில் நடக்கும் பிள்ளைகளிடம் நாங்கள் "இறங்கு" என்று மட்டும்தான் சொல்லிப் பழகியிருக்கிறோம். தலையில் ஒன்றைக் கட்டி "ஏறு" என்று சொல்லலாம் என்பது பொத்துவிலில்தான் எனக்குத் தெரிந்தது.

15, ஞாயிறு. சுபஹு தொழுதுவிட்டு வந்தபோது, நேற்றே கட்டிவைத்த சலீமின் பெட்டியை ஹபீபா அவிழ்த்து வைத்திருந்தாள். மிதப்புத் தொப்பியில் இன்னும் ஆறு மிதப்பு கூட்டி, பெரியவர் தலைக்கு அளவாக்கியிருந்தாள். சாரத்துக்கு மேலே அதை வைத்தாள்.

"அங்க எல்லாரும் சிரிப்பாங்க புள்ள," என்றார் சலீம்.

"சிரிக்கட்டும். ரெண்டு வருஷத்தால வரக்குள்ள எனக்கு இந்தத் தல முழுசா வேணும்."

"தாடையில இறுக்கிக் கட்டணும் வாப்பா," என்றாள் ரிஸானா.

பெட்டி மூடவில்லை. நான் அதன்மேல் ஏறி உட்கார்ந்தேன், சலீம் பூட்டினார். அன்றைய முதல் வேலை அது.