கண்ணாடி அத்தானின் கைராசி

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் 'கண்ணாடி' என்று பட்டப்பெயர். மூக்குக்கண்ணாடி போட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளிகளின் வயிற்றையும் காலையும் ரேசரால் மழித்துவிடுவது அவர் வேலை. மழித்த இடத்தை உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டு, "கண்ணாடி மாதிரி இருக்குல்ல?" என்று கேட்பார். நாளைக்கு உயிரோடு எழுந்திருப்போமா என்று கிடக்கிறவன் என்ன சொல்வான்? "ஆமாங்க" என்பான். அதை ஒரு விருதுபோல வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து எல்லோரிடமும் பீற்றிக்கொள்வார்.

பஸ்ஸில் பக்கத்து சீட்காரரின் தாடையை உற்றுப் பார்த்து, "இந்தப் பக்கம் கொஞ்சம் விட்டுப்போச்சே சார்" என்று சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர். தன் கைராசியால்தான் அந்த ஆஸ்பத்திரியில் பாதிப் பேர் பிழைத்தார்கள் என்று கூசாமல் சொல்வார். மீதிப் பாதியை டாக்டர்கள் பார்த்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. சிரிக்க முடியாதது வேறு. அவருடைய அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோதும் இவரேதான் புதுப் பிளேடு போட்டு, முதல் நாள் சாயங்காலமே மழித்துவிட்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் தையல் போட்ட இடம் சீழ் பிடித்து, உடம்பெல்லாம் பரவி, அந்த அம்மாள் வீடு திரும்பவே இல்லை. பழி யார் தலையில் விழுந்தது? கூடவே இருந்து மலஜலம் எடுத்த என் அக்கா தலையில். "கையைக் கழுவாம புண்ணைத் தொட்டுட்டா" என்றார் அத்தான். நீ பார்த்தாயா என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அவர்தான் ஆஸ்பத்திரிக்காரர் ஆயிற்றே!

அன்றிலிருந்து அந்தக் குடும்பம் எதற்குக் கூடினாலும், யாராவது ஒருத்தர் பெருமூச்சு விட்டுக்கொண்டு அந்தக் கதையை ஆரம்பிப்பார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, சாப்பிட்ட தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "விடுடி, ஒருவேளை தெரியாம தொட்டுட்டேனோ என்னவோ" என்பாள் அவள். சொல்லிச் சொல்லியே அவளையும் நம்ப வைத்துவிட்டார்கள் பாவிகள்.

பிறகு ஆஸ்பத்திரியில் ரேசரை ஒழித்துவிட்டு டிரிம்மர் கொண்டுவந்தார்கள். "அது புல்லு வெட்டத்தான் லாயக்கு" என்று அத்தான் அதைத் தொட மறுத்தார். ஏன் மாற்றுகிறோம் என்று விளக்க ஒரு கூட்டம்கூட போட்டார்களாம். இவர் அந்த நேரத்தில் வெளியே நின்று டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அதையும் ஒரு வீரச்செயல்போலத்தான் சொல்வார். கடைசியில் அவரை ஸ்ட்ரெச்சர் தள்ள அனுப்பினார்கள். ரிட்டயர் ஆகும்வரை உலகத்தைத் திட்டிக்கொண்டே தள்ளினார்.

இதற்கிடையில் அக்காவுக்கு முழங்கால் தேய்ந்துபோனது. அவர்கள் வீடு மாடியில். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து நகர்ந்துதான் அவள் கீழே இறங்குவாள். மூட்டு மாற்றுகிற ஆபரேஷனுக்குத் தேதி வாங்க நானும் அவளும் நாயாய் அலைந்தோம். ஒருவழியாகத் தேதி கிடைத்ததும் நர்ஸ் அத்தானையும் சேர்த்து எங்கள் மூவரையும் உட்காரவைத்துச் சொன்னாள்: "கிருமி சாகறதுக்கு ஒரு சோப்பு தர்றேன், அதைப் போட்டுக் குளிங்க. அப்புறம் எண்ணெய், கிரீம், பவுடர் எதுவும் தடவக் கூடாது. முக்கியமா கால்ல ரேசர் வைக்காதீங்க. முடி எடுக்கணும்னா இங்க நாங்க பாத்துக்கறோம்."

அத்தான் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபரேஷன் அன்று காலையில் நான் ஓட்டுகிற டாக்ஸியைத் தெருவில் நிறுத்திவிட்டு மேலே போனேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கால் பளபளவென்று இருந்தது.

"என்னக்கா இது?"

"உங்க அத்தான்தான். நேத்து சாயங்காலம். வேணாம் வேணாம்னு சொன்னேன். நேத்து வேலைக்கு வந்த நர்ஸ் பொண்ணு எனக்குச் சொல்லித் தர்றாளான்னு ஒரே கத்து. ரேசரைக் கையில வச்சுக்கிட்டுக் கத்தற ஆள்கிட்ட என்னத்தைச் சொல்றது?"

"எப்படி, கண்ணாடி மாதிரி இருக்குல்ல?" என்றார் அத்தான் என்னிடம். குனிந்து பார்த்தேன். முட்டியைச் சுற்றி மெல்லிய கீறல்கள். அதற்கும் கீழே பொரிப்பொரியாகச் சிவந்திருந்தது. அந்த ரேசரை ஜன்னல் வழியாக வீசலாமா, அவரையே வீசலாமா என்று இருந்தது எனக்கு.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் போர்வையை விலக்கினாள். முகம் மாறியது. போய் டாக்டரை அழைத்துவந்தாள்.

"இன்னைக்குப் பண்ண முடியாதும்மா" என்றார் டாக்டர். "பிளேடு பட்டா கண்ணுக்குத் தெரியாத கீறலெல்லாம் விழும். அதுல கிருமி குடியேறிடும். முதல் நாளே பண்ணிட்டா அதுக்கு ராத்திரி பூரா நேரம் கிடைக்குது. புது மூட்டுக்குள்ள போயிடுச்சுன்னா, வச்சதையே கழட்டி எடுக்க வேண்டி வரும். முதல்ல தோல் ஆறட்டும்."

"கொசு கடிச்சதா இருக்கும் டாக்டர்" என்று அத்தான் பூசி மெழுகப் பார்த்தார். டாக்டர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

இத்தனை நாள் அலைந்தது வீணாயிற்றே, அக்கா உடைந்துவிடுவாள் என்று பயந்தேன். அவள் அழவில்லை. டாக்டர் சொன்னதை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறவள்போல இருந்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, உங்க அம்மாவுக்கும் நீங்கதானே பண்ணிவிட்டீங்க? முதல் நாள் சாயங்காலமே?"

அத்தான் எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்த ரேசரால்தான் அன்றைக்குச் சீழ் பிடித்தது என்று இப்போது யாரும் சத்தியம் பண்ண முடியாது. அது எனக்கும் தெரியும். ஆனால் என் அக்காவின் கையால்தான் என்று எத்தனை வாய் கூசாமல் சத்தியம் பண்ணியது!

அக்காவின் துணிகளைப் பைக்குள் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. அத்தானின் தங்கச்சி. அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணி, அண்ணன் இப்பதான் பேசினாரு. குரலே சரியில்ல. அம்மா போனதுக்கு நீங்க காரணம் இல்லையாம். அவரு பண்ணினதாலதான் இருக்கும்னு சொல்றாரு. உங்ககிட்ட என்னையச் சொல்லிடச் சொன்னாரு."

நான் கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். வராண்டா பெஞ்சில், போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அத்தான். பழியை வீடு வீடாகப் போய்ச் சொன்ன மனுஷனுக்கு, இதைச் சொல்ல மட்டும் தங்கச்சி தேவைப்பட்டிருக்கிறாள்.

அக்கா போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அவள் குரல் நடுங்கவில்லை.

"உங்க அண்ணன் இங்கதான்மா வெளியில உக்காந்திருக்காரு. கால் தேஞ்சுபோனது எனக்குத்தான், அவருக்கு இல்ல. எழுந்து உள்ள வந்து அவரையே சொல்லச் சொல்லு."