இரண்டாம் பக்கத்தில் விழுந்த குங்குமம்

1

கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது சிவப்புத்தான். பிளேயரில் குங்குமம், இசைத்தட்டுக் கழுவும் மெஷினில் குங்குமம். பிளேயரில் இருந்த இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய தாளிலும் ஒரு பெரிய பொட்டு. தூள் சிதறித் தட்டு முழுக்கப் பரவியிருந்தது. அந்தத் தட்டு எங்களுடையது இல்லை. கழுவித் தரச்சொல்லி ஒருவர் நம்பித் தந்துவிட்டுப் போனது.

பார்க்டேலில் உள்ள இந்தப் பழைய இசைத்தட்டுக் கடையில் நான் சேர்ந்தபோது ரொக் என்றால் எனக்கு எல்லாம் ஒன்றுதான். கொஞ்சக் காலத்தில் எழுபதுகளின் ஜேர்மன் புரோக் ரொக் அலுமாரி என் பொறுப்புக்கு வந்தது. வேறு யாருக்கும் அதைக் கேட்கப் பொறுமை இல்லை என்பதுதான் காரணம். ஒரு உருப்படி ஒரு பக்கம் முழுக்க ஓடும். பாட்டு அநேகமாக இருக்காது. ஒரு தாளத்தைப் பிடித்தார்கள் என்றால் லேசில் விடமாட்டார்கள். இரண்டு பிள்ளைகளைத் தட்டித் தட்டி நித்திரையாக்கிய எனக்கு அது பழக்கப்பட்ட விஷயம்.

நவராத்திரிக் கடைசி நாளில் பிளேயருக்கும் மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பேன். முதலாளி கிரெக்குக்கு இதில் என்னைவிடப் பக்தி கூடிவிட்டது. அந்த வருடம் நான் வடை வாங்கிக்கொண்டு வருவதற்குள் பூசையைத் தானே தொடங்கிவிட்டார்.

"தட்டுக்கு வைக்கிறதில்லை கிரெக்!" என்று கத்தினேன்.

அவர் ஆங்கிலத்தில் சொன்னது தமிழில் இப்படி வரும்: "இசைக்குப் பூசை எண்டு நீதானே சொன்னாய்? இசை அதுக்குள்ளதானே இருக்கு?"

வடைப் பையை மேசையில் போட்டுவிட்டுத் தட்டைக் கழற்றினேன். அவ்வளவு கோபம்.

2

தட்டின் சொந்தக்காரர் ரட்ணம் அண்ணை. ஸ்ரௌவ்வில்லில் மகள் ஷாமினி வீட்டில் இருக்கிறார். கனடாவுக்கு வருமுன் இளந்தாரியாக ஜேர்மனியில் இருந்தவர். அங்கே ஒரு பழைய பால் பண்ணையில் பாண்ட்காரப் பெடியன்கள் கூட்டமாகக் குடியிருந்தார்கள். இவருக்கும் ஒரு மூலை கொடுத்தார்கள். ஒருநாள் ரெக்கோடிங் நடக்கும்போது கையில் ஒரு கரண்டியைக் கொடுத்து, ஹீற்றர் குழாயில் அடிக்கச் சொன்னார்களாம்.

"நிப்பாட்டு எண்டு சொல்லும்வரைக்கும் அடி எண்டாங்கள். நானும் அடிச்சன்," என்று சொல்லிச் சிரித்தார்.

தட்டு வெளிவந்தபோது இவர் கனடா வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் ஏழெட்டுப் பேருடன் ஒரே அறையில் இருந்தார். தபாலில் வந்த தட்டைப் போட்டுக் கேட்கப் பிளேயர் இல்லை. பிறகு வேலை, கலியாணம், வீடு என்று காலம் போய்விட்டது. பேஸ்மென்றில் கிடந்து தட்டில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அதை ஒருதடவைகூட அவர் கேட்டதில்லை. உறையில் ஒருவருடைய பெயரும் கிடையாது. வீட்டில் "அப்பான்ர ஜேர்மன் பாண்ட்" என்றாலே எல்லாரும் சிரிப்பார்களாம்.

"இவையள் ஒருக்கா நம்பினால் காணும் பிள்ளை," என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

அந்தத் தட்டில்தான் கிரெக் பொட்டு வைத்தார்.

3

மெஷினில் கழுவி, விளக்கின் கீழ் பிடித்துப் பார்த்தேன். சுத்தம். முதல் பக்கம் வெண்ணெய் மாதிரி ஓடியது. இரண்டாம் பக்கத்தில் பாதி தாண்டியதும் டக், டக், டக் என்று ஒரே சத்தம். உடனே ஊசியைத் தூக்கினேன். ஊசி ஓடும் கோட்டுக்குள் தூள் இருந்தால் ஓடவிடக் கூடாது, ஓடவிட்டால் அது தட்டைத் தின்னும். திரும்பக் கழுவினேன். அதே இடம், அதே டக். மூன்றாம் தரமும் அப்படித்தான். கிரெக் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அவரைத் திட்டவும் எனக்குத் தெம்பில்லை.

சொல்லிவைத்தபடி அன்று பின்னேரமே அப்பாவை ஷாமினி காரில் கூட்டிவந்தாள். ரட்ணம் அண்ணை அயன் பண்ணின சேட் போட்டிருந்தார். அவருக்கு ஒரு கதிரை போட்டேன்.

"அண்ணை, ஒரு பிழை நடந்துபோச்சு," என்று எல்லாவற்றையும் சொன்னேன். "ரெண்டாம் பக்கத்திலை ஊசி ஒரே இடத்திலை நிண்டு அடிக்குது."

"எப்பிடி அடிக்குது?"

"டக் டக் எண்டு."

அவர் கதிரையை முன்னுக்கு இழுத்தார். "போடுங்கோ பார்ப்பம்."

போட்டேன். டக் தொடங்கியது. பழக்கதோஷத்தில் கை ஊசிக்குப் போனது.

"தொடாதேங்கோ! உது நான்!"

"கமோன் அப்பா," என்று ஷாமினி சிரித்தாள். "தட்டு ஸ்க்ராச் ஆயிட்டுது எண்டு அக்கா சொல்லுறாதானே."

அப்போதுதான் ஊசிக்கையைக் கவனித்தேன். அது ஒரே இடத்தில் நிற்கவில்லை, மெல்ல மெல்ல உள்ளே நகர்ந்துகொண்டிருந்தது. இத்தனை வருட வேலையில் முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான். குங்குமப் பயத்தில் அந்த அறிவு வேலை செய்யவில்லை. டக்குக்கு மேலே ஒரு கிற்றார் ஏறியது, பிறகு ஓர்கன். ரட்ணம் அண்ணை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் எல்லா வாத்தியமும் அடங்கிக் குழாய்ச் சத்தம் மட்டும் மிஞ்சியது. பிறகு தூரத்திலிருந்து ஒரு இளந்தாரிக் குரல்:

"டேய், காணுமோடா? எனக்குக் கை நோகுது!"

நாலைந்து பேர் ஜேர்மன் மொழியில் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தத்தோடு தட்டு முடிந்தது.

ஷாமினி வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பா... அது நீங்கள்."

"அதை வெட்டியிருப்பாங்கள் எண்டெல்லோ நினைச்சன்," என்றார் அவர். கண் நிறைந்திருந்தது. மெஷின் தொடாத நடுத்தாளில் பொட்டு அப்படியே இருந்தது, துடைத்துத் தரவா என்று கேட்டேன். "கிடக்கட்டும் பிள்ளை," என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஸ்ரூலில் உட்கார்ந்து ஆறிப்போன வடையைச் சாப்பிட்டேன், அன்றைக்கு அதுதான் முதல் சாப்பாடு. அந்தக் குரல் என்ன சொன்னது என்று கிரெக் கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். சிரித்து முடித்துவிட்டு, "பாத்தியா, பூசை பலிச்சிட்டுது," என்றார். அடுத்த வருடம் குங்குமச் சிமிழ் என் கைப்பைக்குள்தான் இருக்கும் என்று அவரிடம் அங்கேயே சொல்லிவிட்டேன்.

ஷாமினி அந்தப் பக்கத்தைத் திரும்பப் போடச் சொன்னாள். இந்தமுறை போனில் பதிந்து வீட்டில் உள்ள எல்லாருக்கும் அனுப்பினாள்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். ஜேர்மன் தட்டில் ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் அவசரப்பட்டு ஊசியைத் தூக்காதீர்கள். யாரோ ஒருத்தர் கை நோக அடித்துக்கொண்டிருக்கக்கூடும்.