கம்பி இலகுவாக இறங்கிய கல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதியில் நான் கிணறு வெட்டும் வேலைகளுக்கு ஓவசியராக இருந்தேன். வீடு கொக்குவிலில், வேலை குடாநாடு முழுக்க. எங்கள் பக்கத்தில் கொஞ்சம் மண்ணைத் தோண்டினாலே சுண்ணாம்புக்கல் வந்துவிடும். அதில் துளை போட்டு, வெடிமருந்து நிரப்பி உடைத்துத்தான் தண்ணீரை எட்ட வேண்டும். ஒரு துளைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை வேலை தொடங்குமுன்பே நான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அதற்கு எனக்கென்று ஒரு வழி வைத்திருந்தேன். கல்லில் ஒரு துண்டை உடைத்தெடுத்து, அதன்மேல் உளியை நிமிர்த்திப் பிடித்து, ஒரே இரும்புக் குண்டை ஒரே உயரத்திலிருந்து இருபது தடவை விழவிடுவேன். உளி இறங்கிய ஆழத்தை அளந்தால் கல்லின் இறுக்கம் தெரியும். பல கிணறுகளில் என் கணிப்புச் சரியாகவே வந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

தொண்டைமானாற்றுக்குக் கிட்ட ஒரு கிணற்றில் அண்ணன் தம்பி இரண்டு பேர் துளை போட்டார்கள். இருவரும் முப்பதைத் தாண்டியவர்கள். தம்பி துளைக்கம்பியைப் பிடித்துத் திருப்புவார். அண்ணன் சம்மட்டியால் அடிப்பார். நான் சோதித்தது வெயிலில் காய்ந்த மேற்கல். மிக இறுக்கம், ஒரு துளைக்கு ஒரு முழு நாள் என்று எழுதியிருந்தேன். மத்தியானத்துக்கு முன்பே துளை முடிந்துவிட்டது.

அண்ணன் மேலே ஏறி வந்தார்.

“ஓவசியர் ஐயா, ஒரு சாணுக்குக் கீழை கம்பி சும்மா இறங்குது. அடிக்கிற சத்தமும் சரியில்லை. உள்ளை பொந்து இருக்கும் போலை.”

“நான் சோதிச்ச கல்லு. இதிலை பொந்து வராது” என்றேன். கிணற்றுக்குள் இறங்கிப் பார்க்கவில்லை.

வழக்கமான அளவு மருந்தைக் கொட்டியும் துளை நிரம்பவில்லை. கீழேயிருந்து அவர் குரல் கொடுத்தார்.

“மருந்தைக் குடிக்குது ஐயா. இதை விட்டிட்டு வேறை துளை போடுவம்.”

“நிரம்பும்வரைக்கும் போடுங்கோ.”

அவர் மறுபடி மருந்தை அள்ளினார். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு போனபிறகுதான் துளை நிரம்பியது.

திரியைக் கொளுத்திவிட்டு இருவரும் ஏறி வந்தார்கள். வழக்கம்போல எட்ட இருந்த பனைகளுக்குப் பின்னால் நின்றோம். காலுக்குக் கீழே நிலம் அதிர்ந்தது. கற்கள் பனைகளையும் தாண்டி விழுந்தன. அதிலொன்று தம்பியின் காதுக்குப் பின்னால் பட்டது.

அண்ணன் அவரை மடியில் போட்டுக்கொண்டு, “என்னைப் பார், என்னைப் பாரடா” என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டேயிருந்தார். வண்டியில் ஏற்றினோம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மூச்சு நின்றது.

மறுநாள் மரண விசாரணை. கல் எப்படிப்பட்டது என்று என்னைக் கேட்டார்கள். “மிக இறுகிய கல்.” மருந்து எவ்வளவு? “வழக்கமான அளவுதான்.” அண்ணன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முறை வந்தபோது, “எனக்கொண்டும் தெரியாது” என்றார். விபத்து என்று எழுதி முடித்தார்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி கழிந்தபின் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணன் வேலிப் படலையைத் திறக்காமல் உள்ளே நின்றே கதைத்தார்.

“நான் விசாரணையிலை பொய் சொன்னனான்” என்றேன்.

“தெரியும்.”

“உங்கடை தம்பியின்ரை பெண்சாதிக்கு உண்மையைச் சொல்லோணும்.”

“வேண்டாம் ஐயா. நான் பொந்தெண்டு தெரிஞ்சும் மருந்து போட்டனான் எண்டது அவளுக்குத் தெரியவரும். பிறகு அவளின்ரை முகத்திலை நான் எப்பிடி முழிக்கிறது?”

என் பொய்யை அவரும் சுமக்க வேண்டியிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த மாதம் வேறொரு கிணற்றில் அவர் என்னிடமே வேலைக்கு வந்தார். கம்பி பிடிக்க வேறு ஆள். நான் ஒவ்வொரு துளைக்கும் கீழே இறங்கி, “கல்லு எப்பிடி?” என்று கேட்பேன். அவர் சம்மட்டியைக் கீழே வைக்காமலே, “ஐயா பாத்துச் சொல்லுங்கோ” என்பார்.